பாணந்துறையில் குரங்கு, நுரைச்சோலையில் இருள்: உண்மையில் நடந்தது என்ன?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி தாண்டிச் சில நிமிடங்களில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு தொடுகையுற்றதால் ஏற்பட்ட கோளாறு என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி அறிவித்தார். அன்று பின்னேரத்துக்குள் சமூக வலைத்தளங்கள் குரங்குப் படங்களால் நிரம்பின. நாமும் சிரித்தோம், பகிர்ந்தோம். பிறகு மறந்துவிட்டோம்.

பாடசாலையில் என் விஞ்ஞான வகுப்புப் பிள்ளைகள் அதை மறக்கவில்லை. அவர்கள் கேட்டவை மூன்று கேள்விகள். ஒரு குரங்கு எப்படி ஒரு நாட்டையே இருட்டாக்க முடியும்? கூரையில் சோலர் போட்ட வீடுகளும் உச்சி வெயிலில் ஏன் அணைந்தன? அன்று மாலையே மின்சாரம் திரும்பிவிட்டது என்றால், அடுத்த நாட்களில் ஏன் ஒன்றரை மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள்?

மூன்றுமே நல்ல கேள்விகள். பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் இவற்றுக்குத் துண்டு துண்டாகத்தான் பதில் வந்தது. புத்தளம் மாவட்டத்தில் வாழும் நாம் இவற்றுக்கான விடையை மற்றவர்களை விடக் கூடுதலாகவே அறிந்திருக்க வேண்டும். கதையின் தொடக்கம் பாணந்துறையாக இருந்தாலும் அதன் நடுப்பகுதி எங்கள் கரையில்தான் இருக்கிறது.

நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம் 300 மெகாவாட் வீதம் மூன்று அலகுகளைக் கொண்டது. மொத்தம் 900 மெகாவாட். சீனக் கடனில், சீன நிறுவனத்தால் கட்டப்பட்டது. முதல் அலகு 2011 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது, 2014இல் மூன்றும் பூர்த்தியாயின. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரே இடம் கொடுக்கிறது. தென்மேல் பருவக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது என்பதால், கடல் அமைதியாக இருக்கும் காலத்திலேயே ஆண்டு முழுவதற்குமான கரியைக் கொண்டுவந்து குவித்துவிடுகிறார்கள். அந்தக் கரிமலையின் தூசு காற்றோடு எங்கே போகிறது என்பதை நுரைச்சோலைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

மின்சாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அரிசியை மூட்டை கட்டி வைக்கலாம், தண்ணீரைத் தாங்கியில் ஏற்றி வைக்கலாம். ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரத்தை அப்படியே அடுக்கி வைக்க முடியாது. நீங்கள் மின்விசிறியைப் போடும் அதே கணத்தில் எங்கோ ஒரு மின்பிறப்பாக்கி அந்தளவு கூடுதலாக உழைக்க வேண்டும். உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு விநாடியும் சமமாக இருந்தாக வேண்டும். சமமாக இருக்கிறதா என்று காட்டும் அளவுகோல்தான் மீடிறன். இலங்கையில் அது 50 ஹேர்ட்ஸ். பாவனை கூடி உற்பத்தி போதாமல் போனால் மீடிறன் 50இலிருந்து கீழே இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் மேலே ஏறும்.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இருபது முப்பது பேர் கம்பாவைப் பிடித்து, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஒன்றாக இழுக்கிறார்கள். அந்தத் தாளம்தான் மீடிறன். எல்லோருடைய கையும் ஒரே தாளத்தில் போகும் வரை வலை சீராக வருகிறது. இடையில் நல்ல பலசாலி ஒருவர் கால் சறுக்கி விழுந்தால் என்ன நடக்கும்? அவர் இழுத்த பாரம் அத்தனையும் ஒரு நொடியில் மற்றவர்கள் கையில் ஏறும். தாளம் தடுமாறும். மற்றவர்கள் தாக்குப்பிடித்தால் வலை வரும். அவர்களில் இன்னும் இருவர் கைவிட்டால் மிச்சம் நிற்பவர்கள் நிலை தடுமாறி, எல்லோரும் மணலில்தான்.

நுரைச்சோலையின் ஒவ்வொரு அலகும் அப்படி ஒரு பலசாலி. அங்கே நீராவிச் சுழலியும் மின்பிறப்பாக்கியும் ஒரே அச்சில் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழல்கின்றன. அதாவது விநாடிக்கு 50 தடவை. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் என்பது அந்த இரும்பின் சுழற்சிதான், வேறு எதுவும் இல்லை. பல தொன் எடையுள்ள அந்த அச்சு அவ்வளவு வேகத்தில் சுழலும்போது அதற்குள் பெரும் சக்தி தேங்கியிருக்கிறது. நீராவியைத் திடீரென்று நிறுத்தினாலும் அது உடனே நின்றுவிடாது. தையல் இயந்திரத்தில் காலை எடுத்த பிறகும் பெரிய சக்கரம் சற்று நேரம் ஓடுமே, அதைப் போல. தரம் 10 மாணவர்களுக்கு இதைச் சடத்துவம் என்று சொல்லிக் கொடுக்கிறோம். பஸ் திடீரென்று நிற்கும்போது நாம் முன்னால் சாய்வதையே உதாரணம் காட்டுகிறோம். நாட்டின் மின்விநியோகமே அந்தச் சடத்துவத்தில்தான் தங்கியிருக்கிறது என்பதையும் அந்தப் பாடத்தில் இரண்டு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

எவ்வளவு சக்தி என்று பருமட்டாகக் கணக்குப் போடலாம். இந்த அளவுப் பொறிகளில், முழு உற்பத்தியை நான்கு விநாடி கொடுக்கப் போதுமான சக்தி சுழற்சியில் தேங்கியிருப்பது வழமை. 300 மெகாவாட்டை 4ஆல் பெருக்கினால் 1,200 மெகா யூல். மின்பட்டியல் கணக்கில் அது சுமார் 330 அலகு. ஒரு சிறிய குடும்பம் மூன்று நான்கு மாதங்கள் பாவிக்கும் மின்சாரம், ஒரு சுழலும் இரும்புத் தண்டுக்குள் இருக்கிறது. நாட்டுக்கு இது ஒன்றும் பெரிய அளவு அல்ல. ஆனால் வேறெங்காவது ஒரு நிலையம் விழும்போது, மற்ற நிலையங்கள் விழித்துக்கொண்டு தம் உற்பத்தியைக் கூட்டும் வரைக்குமான அந்தச் சில விநாடிகளை இதுதான் வாங்கிக் கொடுக்கிறது. சுழலும் இரும்பு பாதியாகக் குறைந்தால், அதே கோளாறுக்கு மீடிறன் இரு மடங்கு வேகத்தில் விழும். சிந்திக்கக் கிடைக்கும் நேரம் பாதியாகிவிடும்.

பெப்ரவரி 9 ஏன் பலவீனமான நாளாக இருந்தது என்பது இப்போது புரியும். ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைகள், அலுவலகங்கள், பாடசாலைகள் எல்லாம் மூடியிருந்தன. பாவனை குறைவு. ஆனால் வானம் தெளிவு, வெயில் கடுமை. 2016 செப்டெம்பரில் அரசாங்கம் தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டத்தின் பிறகு வீடுகளிலும் கடைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஏறிய சோலர் தகடுகளின் மொத்தக் கொள்ளளவு 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நுரைச்சோலையை விடப் பெரிய ஒரு மின்நிலையம் நம் கூரைகளில் பரந்து கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களால் அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. சூரியன் தரும் மின்சாரத்துக்கு இடம் கொடுக்க வேண்டுமென்றால் சுழலும் பொறிகள் சிலவற்றை நிறுத்தி வைக்க வேண்டும். ஆகவே அன்று 11 மணிக்குக் கம்பாவைப் பிடித்திருந்த பலசாலிகள் மிகச் சிலரே.

சோலர் தகட்டில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. அது தருவது நேரோட்டம். அதை வீட்டுக்கு ஏற்ற ஆடலோட்டமாக மாற்றுவது சுவரில் மாட்டியிருக்கும் இன்வேர்ட்டர். சாதாரண இன்வேர்ட்டர் தானாகத் தாளம் போடாது. கம்பியில் வரும் 50 ஹேர்ட்ஸ் தாளத்தைக் கேட்டு அதன் பின்னால் போகும். கரைவலையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அல்ல, பின்பாட்டுப் பாடுபவர். முன்பாட்டு நின்றால் அவரும் வாயை மூடிவிடுவார். நவீன காற்றாலைகள் பெரும்பாலானவற்றின் நிலையும் இதுவே. 2010 முதல் மாம்புரியில் நிற்கும் காற்றாலைகள் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், காற்றாலைகளைக் கொண்டு மட்டும் விழுந்த மின்கட்டமைப்பை நிமிர்த்திவிட முடியாது.

இந்த நிலையில்தான் பாணந்துறையில் கோளாறு நடந்தது. ஒரு குறுஞ்சுற்று ஏற்பட்டால் அந்தப் பகுதியில் மின்னழுத்தம் சடுதியாகச் சரியும். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. மின்னழுத்தமோ மீடிறனோ எல்லையைத் தாண்டினால் பொறி எரிந்து போகாமலிருக்க அது தொடர்பைத் தானாகவே துண்டித்துக்கொள்ளும். அது பிழை அல்ல, அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் ஒருவர் விலக, பாரம் அடுத்தவர் மேல் விழ, அவரும் விலக, அதற்கடுத்தவரும் விலகுகிறார். நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன. சூரிய மின் உற்பத்தி அதிகமாகவும் கட்டமைப்பின் சடத்துவம் குறைவாகவும் இருந்ததே சிறிய கோளாறு இவ்வளவு பெரிதாகக் காரணம் என்று மின்சார சபையும் பின்னர் விளக்கமளித்தது.

வழமையாக இந்தச் சங்கிலியை இடையில் அறுக்க ஒரு வழி உண்டு. மீடிறன் விழும்போது சில ஊர்களின் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும். சில ஊர்கள் இருட்டாகி மிச்ச நாடு தப்பிக்கும். ஆனால் அந்த ஊர்களின் கூரைகளில் இப்போது சோலர் இருக்கிறது. நண்பகலில் ஊரைத் துண்டிக்கும்போது அந்த ஊர் தந்துகொண்டிருந்த மின்சாரமும் சேர்ந்து போய்விடுகிறது. பாரத்தைக் குறைக்கப் போய் இழுப்பவரையும் அனுப்பிவிடுவது போன்ற நிலை. இருபது வருடங்களுக்கு முன்பு போட்ட கணக்கு இன்றைய கூரைகளுக்குப் பொருந்தாது.

பிள்ளைகளின் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தாளம் நின்றவுடன் இன்வேர்ட்டரும் நின்றுவிடும். அதற்கு இன்னொரு நியாயமான காரணமும் உண்டு. மின்கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் கை வைக்கிறார். அந்த நேரம் யாருடைய கூரையிலிருந்தாவது மின்சாரம் கம்பிக்கு வந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. ஆகவே கட்டமைப்பில் மின்சாரம் இல்லாதபோது கூரைச் சோலர் அணைந்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நியதி. "இவ்வளவு காசைக் கொட்டி சோலர் போட்டும் வுழூ செய்யத் தண்ணீர் இல்லையே" என்று அன்று லுஹருக்குப் பள்ளியில் அலுத்துக்கொண்டவர்களுக்கு, சோலர் விற்றவர்கள் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பலர் சொல்வதில்லை.

மூன்றாவது கேள்வி, நுரைச்சோலை ஏன் தாமதித்தது என்பது. முழு நாடும் இருளில் இருக்கும்போது முதலில் எழுப்பப்படுவது மலைநாட்டு நீர்மின் நிலையங்கள். அணையில் தண்ணீர் இருந்தால் கதவைத் திறந்தவுடன் சுழலி சுற்றத் தொடங்கும். வெளியிலிருந்து பெரிதாக மின்சாரம் தேவையில்லை. அங்கிருந்து சிறிது சிறிதாகக் கம்பிகளுக்கு உயிர் கொடுத்து, ஊர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அந்தத் தாளத்தோடு மற்ற நிலையங்களையும் இணைக்க வேண்டும். அவசரப்பட்டால் மீண்டும் விழும். அன்று சில மணித்தியாலங்களில் இதைச் செய்து முடித்த பொறியியலாளர்களையும் ஊழியர்களையும் யாரும் பாராட்டியதாக நான் காணவில்லை.

நிலக்கரி நிலையம் அப்படி எழும்பாது. கொதிகலனுக்குக் காற்று ஊதும் விசிறிகள், தண்ணீர் பம்பிகள், கரியை மாவாக அரைக்கும் ஆலைகள், கடல்நீரை இழுத்துக் குளிர்விக்கும் பம்பிகள் எல்லாம் ஓடுவதற்கே பல மெகாவாட் மின்சாரம் வெளியிலிருந்து வேண்டும். நீராவியின் வெப்பநிலையோ 500 பாகை செல்சியசுக்கு மேல். ஓடிக்கொண்டிருந்த சுழலி சடுதியாக நின்றால், சூடான அந்த நீண்ட தண்டு தன் பாரத்தாலேயே வளைந்துவிடக்கூடும். அதனால் அதை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே ஆறவிட வேண்டும். மீண்டும் தொடங்கும்போதும் உலோகம் வெடிக்காதபடி படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். சூடான கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று அலகுகளையும் ஒன்றன் பின் ஒன்றாக இப்படி எழுப்ப நாட்கள் ஆகின்றன. அதுவரை 900 மெகாவாட் குறைவு. பகலில் சூரியன் சமாளித்தது. சூரியன் மறைந்ததும் சமாளிக்க ஆளில்லை. அதனால்தான் பிற்பகலிலும் இரவிலும் சுழற்சி முறையில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. அடுத்து வந்த நோன்மதி தினத்தில் பாவனை குறைந்ததால் சற்று மூச்சுவிட முடிந்தது. நோன்பு தொடங்க அப்போது மூன்று வாரங்கள்தான் இருந்தன. இதே சம்பவம் ஒரு மாதம் பிந்தியிருந்தால் இஃப்தார் நேரமும் தராவீஹ் நேரமும் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் கேட்ட பிறகு "அப்போ சோலர்தான் குற்றவாளி" என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்களே அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 2016 மார்ச் 13ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. அப்போது கூரைச் சோலர் திட்டமே தொடங்கியிருக்கவில்லை. 2020 ஓகஸ்ட் 17ஆம் திகதி கெரவலப்பிட்டி உப மின்நிலையக் கோளாறால் மீண்டும் இருண்டது. அப்போதும் நுரைச்சோலை எழும்ப நாட்கள் எடுத்தது, அப்போதும் சுழற்சி முறை மின்வெட்டுத்தான். 2021 டிசம்பர் 3இல் இன்னொரு தடவை. 2023 டிசம்பர் 9ஆம் திகதி நாடு இருண்டது மாலை 5 மணிக்குப் பிறகு, சூரியன் மறையப்போகும் நேரத்தில். இவற்றில் எதிலும் குரங்கு இல்லை. ஒரு சிறிய நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரிய பங்கை ஒரே இடத்தில், ஒரே கரையில் குவித்து வைத்திருப்பதுதான் அடிப்படைப் பலவீனம். சோலர் அதைக் கூட்டியிருக்கிறது, உருவாக்கவில்லை.

இந்தியாவில் 2013 முடிவிலிருந்து முழு நாடும் ஒரே மின்கட்டமைப்பு. அங்கே 300 மெகாவாட் அலகு ஒன்று விழுந்தால் பக்கத்து ஊருக்குக்கூடத் தெரியாது. நமக்கு அண்டை நாட்டோடு இணைப்பு இல்லை. இரவு உச்ச நேரத்தில்கூட நம் மொத்தத் தேவை 3,000 மெகாவாட்டை எட்டுவதில்லை. ஞாயிறு பகலில் அதைவிட எவ்வளவோ குறைவு. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது இரு நாட்டு மின் இணைப்புக்கான உடன்படிக்கை கைச்சாத்தானது. அது நடைமுறைக்கு வரும்போது பார்க்கலாம்.

குரங்கு விஷயத்தில் நாம் தனித்துப் போய்விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூன் மாதம் கென்யாவில் கித்தாரு நீர்மின் நிலையக் கூரையில் ஏறிய குரங்கு ஒன்று மின்மாற்றியின் மேல் விழுந்தது. 180 மெகாவாட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் இழக்கப்பட்டு முழு நாடும் இருண்டது. அந்தக் குரங்கு உயிர் தப்பியது. கென்யாவும் குரங்கைத்தான் முதலில் சொன்னது.

பெப்ரவரிக்குப் பிறகு அரசு என்ன செய்தது என்பது கவனிக்க வேண்டிய இடம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, ஏப்ரல் 13 முதல் 21 வரை பகலில் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலரை விரும்பி நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அந்த வாரத்துக்கு அது நியாயமான கோரிக்கை. நாடு மீண்டும் இருளக் கூடாது. ஆனால் வங்கிக் கடன் எடுத்து, மாதம் கிடைக்கும் அலகுக் காசில் தவணை கட்டலாம் என்று நம்பிச் சோலர் போட்ட ஒரு ஓய்வூதியக்காரருக்கு அல்லது சிறு கடைக்காரருக்கு, நல்ல வெயில் காலத்தில் ஒன்பது நாள் நிறுத்துவது சிறிய விஷயம் அல்ல. போடு போடு என்று சொல்லிப் போட வைத்தவர்கள், அதைத் தாங்கும் கட்டமைப்பை அதே வேகத்தில் போட்டிருக்க வேண்டும். 2030இல் 70 வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்பது அரசின் இலக்கு. ஒவ்வொரு விடுமுறைக்கும் "அணைத்து வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டு அந்த இலக்குக்குப் போக முடியாது.

தீர்வு இல்லாத விஷயமும் அல்ல இது. அவுஸ்திரேலியாவின் தென் மாநிலம் 2016 செப்டெம்பர் 28ஆம் திகதி புயலில் முழுவதுமாக இருண்டது. அங்கேயும் காற்றாலைகளைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அடுத்த வருடமே ஹோன்ஸ்டேல் என்ற இடத்தில் டெஸ்லா நிறுவனம் 100 மெகாவாட் மின்கலத் தொகுதி ஒன்றை அமைத்தது. அப்போது உலகிலேயே பெரியது அதுதான். மீடிறன் விழத் தொடங்கியதும் ஒரு விநாடிக்குள் அது மின்சாரத்தைக் கொட்டும். எந்தச் சுழலியாலும் அந்த வேகத்தில் உற்பத்தியைக் கூட்ட முடியாது. 2022இல் அதே மின்கலம் சடத்துவத்தையே மின்னணு முறையில் போலி செய்து கொடுக்க அனுமதி பெற்றது. அதாவது பின்பாட்டுக்காரர் முன்பாட்டும் எடுத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். அந்த மாநிலம் இன்னொன்றும் செய்தது. 2021இல் நான்கு கனத்த பொறிகளை நிறுவினார்கள். அவை எரிபொருள் எதையும் எரிப்பதில்லை, மின்சாரம் உற்பத்தி செய்வதும் இல்லை. சடத்துவத்துக்காகவும் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதற்காகவும் சும்மா சுழன்றுகொண்டிருக்கின்றன. அதுவே அவற்றின் தொழில்.

நம்மைப் போன்ற தீவு வேண்டுமென்றால் ஹவாயில் கவாய் தீவு இருக்கிறது. எழுபதாயிரம் பேர் அளவில் வாழும் இடம். மக்களின் கூட்டுறவுச் சங்கம்தான் அங்கே மின்சாரம் கொடுக்கிறது. மின்கலத்தோடு சேர்த்தே சூரியப் பண்ணைகளைக் கட்டியதால், பகலில் சில மணித்தியாலங்கள் எண்ணெய் ஒரு சொட்டும் எரிக்காமல் முழுத் தீவையும் ஓட்ட முடிகிறது. இலங்கையிலும் 2025இல் மின்கலச் சேமிப்புக்கு விலைமனு கோரப்பட்டிருக்கிறது. மாலை உச்ச நேரத்தில் மின்கலத்திலிருந்து தரும் கூரைச் சோலர் மின்சாரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கும் முடிவும் எடுக்கப்பட்டது. பிந்தியாவது வந்திருக்கிறது.

ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் 2025 ஏப்ரல் 28ஆம் திகதி நண்பகலில் மின்சாரம் முழுவதும் நின்றபோது, முதல் மணித்தியாலத்திலேயே சோலரைக் குற்றம் சொன்னவர்கள் பலர். ஜூன் மாதம் வந்த ஸ்பெயின் அரசின் அறிக்கை, மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் உயர்ந்ததையும், அதைக் கட்டுப்படுத்த வேண்டிய நிலையங்கள் அதைச் செய்யத் தவறியதையும் சுட்டிக்காட்டியது. ஒரு நாடு இருளும்போது முதல் நாள் சொல்லப்படும் காரணத்தைப் பாதி நம்பினால் போதும்.

எங்கள் கரைக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கற்பிட்டிக் குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் மணல் நிலத்தில் விளைவது நிலத்தடி நீரை இறைத்துத்தான். வெயில் நாளில் பம்பி நின்றால் பயிர் அன்றே வாடும். மீன்பிடிக்கு ஐஸ் வேண்டும். முந்தல், உடப்பு, ஆராச்சிக்கட்டுப் பக்கத்து இறால் பண்ணைகளில் நீருக்குக் காற்றூட்டும் சக்கரங்கள் இரவில் சில மணித்தியாலம் நின்றாலே ஒரு குளத்து இறால் முழுவதும் செத்து மிதக்கலாம். ஆகவே ஜெனரேட்டர் வாங்கி, டீசல் அடித்து, தயாராக நிற்கிறார்கள். நாட்டுக்கு மின்சாரம் தரும் அனல் நிலையத்தின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வாழ்பவர்களும் மின்வெட்டுக்குப் பயந்து டீசல் சேர்த்து வைக்கிறார்கள்.

கட்டணத்தைப் பற்றியும் மின்திட்டங்களைப் பற்றியும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்தில் அனுப்பலாம், நேரில் போயும் பேசலாம். எங்கள் மாவட்டத்திலிருந்து போகிறவர்கள் வழமையாகச் சாம்பலையும் தூசையும் பேசுகிறார்கள். அது பேச வேண்டியதுதான். அதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம் என்பது என் அபிப்பிராயம். வெளி இணைப்பு அறுந்தாலும் தன் சொந்தத் தேவைக்கு மட்டும் மின்சாரம் எடுத்துக்கொண்டு ஓடி நிற்கும் ஏற்பாடு பிற நாடுகளில் பல அனல் நிலையங்களில் உண்டு. நுரைச்சோலையில் அதன் நிலை என்ன? மின்கலத் தொகுதிகள் வரும்போது, பெரிய மின்கம்பிகள் ஏற்கனவே வந்து சேரும் இந்தக் கரைக்கு அவற்றில் எத்தனை வரும்? கரிக்கு இடம் கொடுத்த ஊருக்கு, கரிக்குப் பிறகு வரும் தொழிலிலும் இடம் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் தொழில்நுட்பக் கல்லூரியில் எதைப் படிக்கலாம் என்பதும் அந்தப் பதிலில் தங்கியிருக்கிறது.

வீட்டுக்கோ பள்ளிவாசலுக்கோ இனிச் சோலர் போட நினைப்பவர்கள் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, "கரண்ட் போனால் இது வேலை செய்யுமா?" என்பதுதான். சாதாரண இன்வேர்ட்டர் என்றால் செய்யாது. மின்கலத்தோடு இயங்கும் ஹைபிரிட் இன்வேர்ட்டர் என்றால், கட்டமைப்பிலிருந்து தானாகப் பிரிந்து வீட்டுக்குள் மட்டும் மின்சாரம் கொடுக்கும். விலை கூடத்தான். ஆனால் பள்ளிவாசலில் எல்லாவற்றையும் அதில் ஓட்ட வேண்டியதில்லை. தண்ணீர்ப் பம்பி, ஒலிபெருக்கி, சில விளக்குகள் ஆகியவற்றை மட்டும் தனி வழியில் இணைத்தால் சிறிய மின்கலமே போதும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சிலர் ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் சொருகி முழு வீட்டுக்கும் கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன். பிரதான சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், மின்மாற்றி வழியாக உயர் அழுத்தமாக மாறி, கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரைத் தாக்கும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றைத் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு பொருத்திக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரின் விலையோடு பார்த்தால் அதன் விலை பெரிதல்ல.